பெயர் கூற மறுத்தவர்: லீ கிராண்டின் நடிப்பும் விவரணத் திரைப்படங்களும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆட்சியாளரையும் போர்களையும் ஒப்பந்தங்களையும் பற்றி விரிவாகக் கூறுவர். திரைப்பட நடிகர் ஒருவரின் தொழில் வாழ்க்கை அரசியல் வரலாற்றுக்குச் சான்றாக அமையும் என அவர்கள் பெரும்பாலும் கருதுவதில்லை. எனினும், ஆட்சியின் அதிகாரம் தனிமனிதரின் பிழைப்புக்குள்ளும் நட்புக்குள்ளும் எவ்வாறு நுழைகின்றது என்பதை அறிய விரும்புவோர்க்குச் சில வேளைகளில் அத்தகைய வாழ்க்கைகளே தக்க சான்றாகின்றன. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நடிகையும் விவரணத் திரைப்பட நெறியாளருமான லீ கிராண்ட் அம்மையாரின் வாழ்க்கை அத்தகையது.

அவர் நடித்த படங்களை ஆண்டுவாரியாக நிரற்படுத்தி நோக்குவோர்க்கு ஓர் உண்மை உடனே புலப்படும். 1951ஆம் ஆண்டிலே ஒரே படத்தின் மூலம் உலகப் புகழ் எய்திய அவரை, அடுத்த பத்தாண்டுக் காலத்திலே திரையில் அரிதாகவே காண்கின்றோம். 1960களின் நடுப்பகுதியிலிருந்து மீண்டும் தொடர்ச்சியாக நடிக்கின்றார். 1980களிலோ நடிகையாக மட்டுமன்றி விவரணப் படங்களின் நெறியாளராகவும் அறியப்படுகின்றார். இந்த இடைவெளி எவ்வாறு தோன்றியது? அதற்கும் பிற்காலத்து விவரணப் படங்களுக்கும் தொடர்பு உண்டா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கம்

லீ கிராண்ட் நியூயோர்க் நகரிலே யூதக் குடும்பம் ஒன்றிலே பிறந்தவர். இயற்பெயர் லியோவா ரொசெந்தால். தாயார் ஒடெசா நகரிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். நான்கு வயதிலேயே மெட்ரோபொலிற்றன் இசைநாடக அரங்கில் மேடையேறினார். பின்னர் 'நெய்பர்ஹூட் பிளேஹவுஸ்' என்னும் நாடகப் பள்ளியிலே சான்ஃபோர்ட் மைஸ்னரிடம் நடிப்புப் பயின்றார். எதிரில் நிற்பவர் உரைப்பதை உண்மையாகச் செவிமடுத்து, அதற்கு உண்மையாக எதிர்வினை புரிவதே நடிப்பின் அடிப்படை என்பது மைஸ்னரின் போதனை. செவிமடுக்கும் இந்தப் பயிற்சி, பிற்காலத்திலே சாதாரண மக்களை நேர்கண்டு படமெடுத்தபோதும் அவருக்குத் துணைநின்றது எனலாம்.

1949இல் சிட்னி கிங்ஸ்லி எழுதிய 'டிடெக்டிவ் ஸ்டோரி' என்னும் நாடகம் பிரோட்வேயிலே மேடையேறியது. பொலிஸ் நிலையம் ஒன்றிலே ஒரே நாளில் நிகழ்வனவற்றைச் சித்திரிக்கும் அந்நாடகத்திலே, கடையில் திருடிப் பிடிபட்ட பேதைப் பெண்ணாக லீ கிராண்ட் நடித்தார். 1951இல் வில்லியம் வைலர் அதனைத் திரைப்படமாக்கியபோது அதே பாத்திரம் அவருக்கே கிட்டியது. கதாநாயகனாக நடித்தவர் கேர்க் டக்ளஸ். சிறு பாத்திரமாயினும் அதற்காக 1952இல் கான் திரைப்பட விழாவிலே சிறந்த நடிகைக்கான விருது அவருக்கு வழங்கப்பட்டது. துணை நடிகைக்கான ஒஸ்கார் விருதுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. முதற் படத்திலேயே இத்தகைய வரவேற்புப் பெற்ற ஒருவருக்குத் தொடர்ந்து வாய்ப்புகள் குவிந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு.

பட்டியலின் காலம்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் சோவியத் ஒன்றியத்துடன் மூண்ட பனிப்போர் அமெரிக்காவின் உள்நாட்டு வாழ்விலும் அச்சத்தை விதைத்தது. 'அமெரிக்க விரோதச் செயல்கள்' பற்றி விசாரிப்பதற்கென மக்கள் பிரதிநிதிகள் சபை 1938இல் அமைத்த குழு, 1947 ஒக்ரோபரிலே ஹொலிவூட் பக்கம் திரும்பியது. தாம் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினரா என்ற வினாவுக்கு விடை கூற மறுத்த பத்துப் பேர் சபையை அவமதித்தனர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை சென்றனர். 1947 நவம்பரிலே பட நிறுவனங்களின் தலைவர்கள் நியூயோர்க்கில் உள்ள வால்டோர்ஃப் அஸ்ரோரியா ஹொட்டேலிலே கூடி, அப்பத்துப் பேருக்கும் வேலை கொடுப்பதில்லை எனவும், தெரிந்துகொண்டு எந்தக் கம்யூனிஸ்டையும் பணிக்கமர்த்துவதில்லை எனவும் தீர்மானித்தனர். கறுப்புப் பட்டியல் எனப்படுவது இவ்வாறே உருவாயிற்று.

இப்பட்டியல் எந்தச் சட்டத்தாலும் விதிக்கப்பட்டதன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. குழு விசாரித்தது, தனியார் நிறுவனங்கள் தண்டித்தன. 1950 ஜூனிலே 'ரெட் சனல்ஸ்' என்னும் சிறுநூல் வெளிவந்தது. வானொலி, தொலைக்காட்சித் துறைகளைச் சார்ந்த 151 பேரின் பெயர்கள் அதிலே நிரலாகத் தரப்பட்டிருந்தன. எவர் மீதும் வழக்கு இல்லை, தீர்ப்பும் இல்லை. பெயர் அச்சில் இருந்தமையே போதுமானதாயிற்று. விளம்பரதாரர் அஞ்சினர், அவர்களுக்காகத் தொலைக்காட்சி நிலையத்தார் அஞ்சினர், நடிகரின் தொலைபேசி ஒலிப்பது நின்றது. ஏன் வேலை இல்லை என்பதற்கு எவரும் காரணம் கூறவில்லை. காரணம் கூறப்படாத தண்டனைக்கு மேன்முறையீடும் இல்லை அன்றோ?

பட்டியலிலிருந்து விடுபட ஒரு வழியே இருந்தது. குழுவின் முன் சென்று, தம்மோடு கூட்டங்களுக்குச் சென்றோரின் பெயர்களைக் கூறுதல் வேண்டும். அப்பெயர்களுள் மிகப் பல குழுவுக்கு முன்னரே தெரிந்தவை. ஆகவே அங்கே வேண்டப்பட்டது செய்தியன்று, பணிவே. நண்பனைக் காட்டிக்கொடுப்பவன் தன் பழைய வாழ்வை முற்றாகத் துறந்துவிட்டான் என்பதற்கு அக்காட்டிக்கொடுப்பே அத்தாட்சியாகக் கொள்ளப்பட்டது.

லீ கிராண்ட் இவ்வலைக்குள் அகப்பட்ட விதம் கருதத்தக்கது. ஜே. எட்வேர்ட் புரொம்பேர்க் என்னும் குணசித்திர நடிகர் 1951 ஜூனிலே குழுவின் முன் அழைக்கப்பட்டு, விடையளிக்க மறுத்தார். இருதய நோயாளியான அவர் அவ்வாண்டு டிசெம்பரிலே இலண்டனிலே காலமானார். அப்போது அவருக்கு 47 வயது. அவருக்காக நியூயோர்க்கிலே நடைபெற்ற அஞ்சலிக் கூட்டத்திலே லீ கிராண்ட் பேசினார். குழுவின் தொல்லையே அம்மனிதரின் இறப்பை விரைவுபடுத்தியது என்ற கருத்தை அவர் அங்கே வெளியிட்டார். இறந்தவருக்காகக் கூறிய அச்சில சொற்கள் அவருடைய பெயரையும் பட்டியலிலே சேர்த்துவிட்டன. அவருடைய கணவரான திரைக்கதை ஆசிரியர் ஆர்னல்ட் மனொஃப் ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர். குழுவினர் லீ கிராண்டிடம் வேண்டியது கணவருக்கு எதிரான சாட்சியத்தை. அவர் அதற்கு இணங்கவில்லை.

இறந்த பின்னரும் புரொம்பேர்க்கின் பெயர் ஓயவில்லை. 1952 ஏப்ரிலிலே புகழ்மிக்க நெறியாளர் இலியா கசான் குழுவின் முன் தோன்றிப் பழைய நாடகக் குழுத் தோழர் எண்மரின் பெயர்களைக் கூறினார். அவற்றுள் ஒன்று நான்கு மாதங்களுக்கு முன் மறைந்த புரொம்பேர்க்கினுடையது. கசான் தொடர்ந்து படமெடுத்துப் பெரும்புகழ் எய்தினார். 1999இல் அவருக்குச் சிறப்பு ஒஸ்கார் விருது வழங்கப்பட்டபோது அரங்கிலிருந்தோருட் சிலர் கைதட்டாது அமர்ந்திருந்தனர். அரை நூற்றாண்டு கடந்தும் அப்புண் ஆறவில்லை என்பதற்கு இது சான்று.

மற்றுமொரு செய்தியும் குறிப்பிடற்பாலது. 1952இல் துணை நடிகைக்கான ஒஸ்கார் விருதை லீ கிராண்டுக்குப் பதிலாகப் பெற்றவர் கிம் ஹன்டர். வென்றவர் தோற்றவர் என்ற வேறுபாடின்றி இருவருமே கறுப்புப் பட்டியலுக்கு இரையாயினர். கலைத்திறன் எவருக்கும் காப்பாக அமையவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள்

ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் லீ கிராண்டுக்குத் திரையும் தொலைக்காட்சியும் பெரும்பாலும் அடைபட்டிருந்தன. நடிகை ஒருவரின் வாழ்விலே இளமையின் பன்னிரண்டு ஆண்டுகள் எத்தகையவை என்பதை விளக்க வேண்டியதில்லை. மேடை நாடகம் மட்டும் ஓரளவு திறந்திருந்தது. அங்கே கிடைத்த பாத்திரங்களை ஏற்றார். நியூயோர்க்கிலே மற்றையோர்க்கு நடிப்புப் பயிற்றினார். எழுத்தாளருக்கோ ஒரு மறைவழி இருந்தது. ஆர்னல்ட் மனொஃப், ஆபிரகாம் பொலொன்ஸ்கி, வோல்டர் பேர்ன்ஸ்ரீன் ஆகிய மூவரும் பிறர் பெயரில் மறைந்து நின்று, 'யூ ஆர் தெயார்' என்னும் வரலாற்றுத் தொலைக்காட்சித் தொடருக்கு எழுதினர். எழுதுவோன் தன் பெயரை மறைக்கலாம். நடிப்போர் தம் முகத்தை எங்ஙனம் மறைப்பது? ஆகவே தண்டனையின் முழுச்சுமையும் நடிகர் மீதே வீழ்ந்தது.

அச்சம் மனத்தினுள்ளும் வேலை செய்தது. பெயர்களை நினைவில் வைத்திருப்பதே ஆபத்து என எண்ணி வாழ்ந்த அக்காலத்தின் வடுவாகப் பெயர்களை மறக்கும் இயல்பு தம்மிடம் எஞ்சியதாக அவர் பிற்காலத்திலே கூறியுள்ளார். வசனத்தை மனனஞ் செய்து பிழைக்கும் ஒருவருக்கு இது எத்துணைக் கொடிய வடு என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

பட்டியல் ஒரே நாளிலே நீக்கப்படவில்லை. சிறிது சிறிதாகச் சிதைந்தது. சிறை சென்ற பத்துப் பேருள் ஒருவரான டால்ரன் ட்ரம்போவின் பெயர் 1960இல் 'ஸ்பார்ட்டக்கஸ்', 'எக்ஸோடஸ்' ஆகிய படங்களிலே வெளிப்படையாக இடம்பெற்றது. வானொலிக் கலைஞர் ஜோன் ஹென்றி ஃபோக் தம்மைப் பட்டியலிட்டோர் மீது தொடுத்த வழக்கிலே, 1962இல் யூரிமார் முப்பத்தைந்து இலட்சம் டொலர் நட்டஈடு விதித்தனர். அத்தொகை பின்னர் குறைக்கப்பட்டதாயினும், பட்டியலிடுவோர் முதன்முறையாக அஞ்சத் தொடங்கினர். 1960களின் நடுப்பகுதியிலே லீ கிராண்டுக்குக் கதவு திறந்தது. ஆனால் மனொஃப் 1965இல் காலமானார். இருவரும் அதற்கு முன்னரே பிரிந்துவிட்டனர். விசாரணைக் குழுவும் 1975இல் ஒழிக்கப்பட்டது.

மீண்ட நடிகை

மீண்டு வந்தவரின் வேகம் வியப்புக்குரியது. 'பெய்ற்றன் பிளேஸ்' தொலைக்காட்சித் தொடருக்காக 1966இல் எமி விருது பெற்றார். 1967இல் நோர்மன் ஜுவிசன் நெறிப்படுத்திய 'இன் த ஹீற் ஒவ் த நைற்' படத்திலே, கொலையுண்டவரின் மனைவியாகத் தோன்றினார். கணவரின் மரணச் செய்தியைக் கறுப்பினப் பொலிஸ் உத்தியோகத்தராக நடித்த சிட்னி பொய்ற்றியர் வாயிலாக அவர் அறியும் காட்சியிலே சொற்கள் மிகக் குறைவு. அதிர்ச்சியை உடலே பேசுகின்றது. ஹல் ஆஷ்பி நெறிப்படுத்திய 'ஷாம்பூ' படத்துக்காக 1976இல் துணை நடிகைக்கான ஒஸ்கார் விருது பெற்றார். அவ்வாண்டிலேயே வெளிவந்த 'வொயேஜ் ஒவ் த டாம்ட்' படத்துக்காக மீண்டும் முன்மொழியப்பட்டார். 1939இல் யூத அகதிகளை ஏற்றிவந்த 'சென். லூயிஸ்' கப்பல் கியூபாவிலே கரையிறங்க அனுமதிக்கப்படாது திருப்பியனுப்பப்பட்ட வரலாற்றைக் கூறும் படம் அது.

விருதின் உச்சியிலே நின்றபோதே அவர் நெறியாள்கைக்குத் திரும்பினார். அக்காலத்து ஹொலிவூட்டிலே பெண் நெறியாளர் மிகச் சிலரே. 1950களிலே நடிகை ஐடா லூப்பினோ மட்டுமே அத்துறையில் குறிப்பிடத்தக்கவராக விளங்கினார். இக்குறையை நீக்கும் நோக்குடன் அமெரிக்கத் திரைப்படக் கழகம் 1974இல் பெண்களுக்கான நெறியாள்கைப் பட்டறையைத் தொடங்கியது. லீ கிராண்ட் அதிலே இணைந்து, ஸ்றிண்ட்பேர்க்கின் நாடகம் ஒன்றைக் குறும்படமாக்கினார். 1980இல் ரில்லி ஒல்சனின் கதையைத் தழுவி 'ரெல் மீ எ ரிடில்' என்னும் முழுநீளப் படத்தை நெறிப்படுத்தினார். அதன் பின்னரே விவரணப் படத்துறை அவரை முழுமையாக ஈர்த்தது.

வில்மர் எண்மர்

விவரணப் படம் என்னும் வகை நம்மவர்க்குப் புதியதன்று. பஸில் ரைட் இந்நாட்டிலே படமாக்கி 1934இல் வெளியிட்ட 'சோங் ஒவ் சிலோன்' அவ்வகையிலே உலகப் புகழ்பெற்றது. ஆயின் அப்படத்திலே இலங்கை மக்கள் தம் வாயாற் பேசுவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் றொபேட் நொக்ஸ் எழுதியவற்றை லயனல் வென்ட் வாசிக்க, அக்குரலே காட்சிகளுக்கு மேலாக ஒலிக்கின்றது. ஒலிப்பதிவுக் கருவிகள் பாரமாயிருந்த காலத்திலே வேறு வழியும் அரிது. 1960ஐ அடுத்து இலகுவான கமராவும், உடன் எடுத்துச்செல்லத்தக்க ஒலிப்பதிவுக் கருவியும் வந்த பின்னரே, வீதியிலும் வீட்டிலும் நின்று மனிதர் தம் கதையைத் தாமே கூறுவதைப் பதிவுசெய்தல் எளிதாயிற்று. லீ கிராண்டின் விவரணப் படங்கள் இவ்வாய்ப்பின் மீது எழுந்தவை.

அவற்றுள் முதன்மையானது 1981இல் வெளிவந்த 'த வில்மர் எய்ற்'. மினசோட்டா மாநிலத்தின் வில்மர் என்னும் சிற்றூரிலே ஒரு வங்கி. அங்கே பல்லாண்டு அனுபவமுள்ள பெண் ஊழியர், புதிதாகச் சேர்க்கப்பட்ட ஆண் ஒருவருக்கு வேலை பழக்கும்படி பணிக்கப்பட்டனர். அவருக்கு மாதச் சம்பளம் 700 டொலர். அப்பெண்களுக்கோ ஏறத்தாழ 400. பழக்குவோர் கீழே, பழகுவோர் மேலே! முறையிட்டபோது, எல்லோரும் சமமானவர் அல்லர் என்ற பொருள்பட வங்கித் தலைவர் விடையிறுத்தார். அரசியலிலோ தொழிற்சங்கத்திலோ முன்பழக்கமற்ற எட்டுப் பெண்கள் தமக்கெனச் சங்கம் ஒன்றை அமைத்து, 1977 டிசெம்பர் 16இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எலும்பை உறைவிக்கும் அவ்வூர்ப் பனிக்காலத்திலே வங்கி வாயிலின் முன் பதாகை ஏந்தி நடந்தனர். போராட்டம் ஏறத்தாழ இரு ஆண்டுகள் நீடித்தது.

முடிவு அவர்களுக்குச் சாதகமாக அமையவில்லை. வங்கி முறையற்ற தொழில் நடவடிக்கைகளில் ஈடுபட்டது என்பதைத் தேசிய தொழில் உறவுகள் சபை ஏற்றுக்கொண்டது. எனினும் வேலைநிறுத்தத்துக்குக் காரணம் அவையல்ல, பொருளாதாரக் கோரிக்கைகளே எனத் தீர்ப்பளித்தது. அதனால் இழந்த சம்பளத்தையோ பழைய பதவியையோ உரிமையுடன் கேட்க அவர்களால் இயலவில்லை. சட்ட நோக்கிலே இது தோல்வி. ஆயினும் படம் வெற்றி தோல்விக் கணக்கோடு நிற்கவில்லை. வாழ்நாளெல்லாம் எவரையும் எதிர்த்துப் பேசாத பெண்கள், தாம் ஏன் வெளியே வந்தோம் என்பதைத் தம் சொற்களிலே விளக்குகின்றனர். அயலவர் முகங்கொடாது விலகிய வேதனையையும், அந்நடையினூடே தாம் வேறு மனிதராக மாறியதையும் கூறுகின்றனர். வேலையை இழந்து, தனிமைப்பட்டு, ஆயினும் சொன்ன சொல்லை மீளப்பெறாது நிற்றல் எத்தகையது என்பதை நன்கறிந்த ஒருவரே கமராவுக்குப் பின்னால் நின்றார். அப்பெண்கள் அஞ்சாது மனந்திறந்தமைக்கு அதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

இதனைத் தொடர்ந்து, கொலைக்குற்றத்துக்காகச் சிறையிலிருக்கும் பெண்களைப் பற்றி 1983இலும், பால்மாற்றத்தை நாடுவோரைப் பற்றி 1985இலும், கணவரின் வன்முறைக்கு ஆளான பெண்களைப் பற்றி 1989இலும் அவர் படங்கள் ஆக்கினார். இவர்கள் அனைவரும் சமூகத்தாற் பெயரிட்டு ஒதுக்கப்பட்டோர் என்பது தற்செயலன்று.

செல்வ நாட்டின் வறியோர்

1986இல் வெளிவந்த 'டவுன் அன்ட் அவுட் இன் அமெரிக்கா' அவருடைய விவரணப் படங்களுள் பெரும்புகழ் பெற்றது. பொருளாதாரம் மீண்டுவிட்டது என்று றீகன் அரசு பெருமை பேசிய காலம் அது. படமோ அதே நாட்டின் மினசோட்டா விவசாயிகளிடமும், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வீடற்றோரிடமும், நியூயோர்க்கிலே அரச உதவியுடன் இழிந்த ஹொட்டேல் அறைகளிலே அடைபட்டிருந்த குடும்பங்களிடமும் செல்கின்றது. 1970களிலே நிலத்தின் விலை உயர, அதனை ஈடுவைத்து மேலும் கடன் பெறுமாறு விவசாயிகள் ஊக்குவிக்கப்பட்டனர். 1980 டிசெம்பரிலே வங்கிகளின் முதன்மை வட்டிவீதம் 21.5 சதவீதத்தை எட்டியது. விளைபொருள் விலையும் நிலத்தின் விலையும் வீழ்ந்தன. கடன் மட்டும் வீழவில்லை. தலைமுறைகளாக உழுத நிலம் ஏலத்துக்கு வந்தது. வறுமை சோம்பேறிகளுக்கே உரியது என்று நம்பியிருந்த நாட்டிலே, உழைத்து ஓய்ந்த கைகளை உடையோர் தம் வறுமையைத் தாமே விளக்குவதை அப்படம் காட்டியது.

1987இல் சிறந்த விவரணப் படத்துக்கான ஒஸ்கார் விருதை அது வேறொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது. அவ்விருதைப் பெறுவோர் தயாரிப்பாளர்கள் ஆதலால், அவருடைய இரண்டாம் கணவரான ஜோசப் ஃபியூரியும் மில்ற்றன் ஜஸ்ரிசுமே விருதாளராகப் பதிவாகினர். ஒரு காலத்திலே பட்டியலில் இருந்தமையால் வேலை இழந்தவரின் பெயர், அவரது மிகச் சிறந்த படத்தின் விருதுப் பட்டியலிலே இல்லை என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இரு வகை வினா

இதுகாறும் கூறியவற்றால், லீ கிராண்டின் விவரணப் படங்கள் நடிப்புக்குப் புறம்பான பொழுதுபோக்கு அல்ல என்பது தெளிவாகும். பன்னிரண்டு ஆண்டு மௌனத்தின் விளைவாகவே அவற்றைக் கொள்ளுதல் பொருத்தமுடையது. குழுவும் வினா எழுப்பியது. விவரணப் பட நெறியாளரும் வினா எழுப்புகின்றார். இரண்டிடத்தும் ஒருவர் அமர்ந்திருக்க, அவர் முன்னே கமராவும் ஒலிவாங்கியும் உள்ளன. ஆயின் குழுவின் வினா, பிறரைப் பற்றிப் பேசுமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்துவது. விடை முன்னரே தெரிந்த வினா அது. லீ கிராண்டின் வினாவோ தம்மைப் பற்றிப் பேசுமாறு ஒருவரை அழைப்பது. விடை தெரியாமையாற் கேட்கப்படுவது. முன்னையது மனிதரைப் பெயராகச் சுருக்கிற்று. பின்னையது, பெயராகவும் எண்ணாகவும் மட்டுமே அறியப்பட்டோரை மீண்டும் மனிதராக்கிற்று.

துன்பம் கலைஞரைச் செம்மைப்படுத்தும் என்று கூறி இழப்பை மெழுகிவிடுவோரும் உளர். அக்கூற்று ஏற்புடையதன்று. புரொம்பேர்க் மீளவில்லை, மனொஃப் தம் பெயரிலே எழுதவேண்டிய காலத்தைப் பிறர் பெயரிலே கழித்தார். லீ கிராண்ட் இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஏற்றிருக்கக்கூடிய பாத்திரங்களை எந்த விருதும் திருப்பித் தரவில்லை. வில்மர்ப் பெண்களுக்கும் படத்தினால் வேலை கிட்டவில்லை. விவரணப் படம் நீதிமன்றம் அன்று. அது செய்யத்தக்கது சாட்சியத்தைக் காப்பதே.

எனினும் அச்சாட்சியம் சிறிதன்று. அரசின் விசாரணைப் பதிவேடுகளிலே வினவியோரின் குரலே ஓங்கி ஒலிக்கின்றது. அவற்றை மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாறு, வினவப்பட்டோரை என்றும் குற்றவாளிக் கூண்டிலேயே நிறுத்திவைக்கும். லீ கிராண்ட் தம் கதையை 2014இல் தன்வரலாற்று நூலாக வெளியிட்டார். அதற்கு மூன்று தசாப்தங்களுக்கு முன்னரே, மறக்கப்படவிருந்த பலருடைய கதைகளைப் படச்சுருளிலே பதிந்துவைத்திருந்தார். பெயர் கூற மறுத்தவரின் பெயர் நிலைத்திருப்பதற்கு அவர் பெற்ற விருதுகளைக் காட்டிலும் இப்பணியே தக்க காரணமாகும்.